விட்டுக்கொடுத்தால் வெள்ளை மாளிகை மறுபடி கிடைக்குமா?

கேள்வி: அமெரிக்க அதிபர் ஒருவர் முதல் நான்கு ஆண்டில் எதிர்க்கட்சியோடு மல்லுக்கட்டாமல், விட்டுக்கொடுத்துச் சமரசமாகப் போனால், நடுநிலை வாக்காளர்கள் அவரை மெச்சி மறுபடியும் தேர்ந்தெடுக்க மாட்டார்களா? 1996இல் கிளிண்டன் அப்படித்தானே ஜெயித்தார்? ‘விட்டுக்கொடுத்தவர் கெட்டுப்போவதில்லை’ என்பது அரசியலுக்கும் பொருந்தும்தானே?

பதில்: வீட்டுக்குப் பொருந்தும். வெள்ளை மாளிகையில் அப்படி நடந்துகொண்ட ஒருவர் நன்றாகவே கெட்டுப்போனார். ஜார்ஜ் புஷ், மகன் இல்லை, அப்பா.

1988 ஆகஸ்டில் நியூ ஆர்லியன்ஸில் நடந்த கட்சி மாநாட்டில், “என் உதட்டைப் பாருங்கள்: புதிய வரி கிடையாது” என்று அவர் சொன்னது நாடு முழுக்கப் பதிந்துபோனது. 1990இல் பற்றாக்குறை கழுத்தை நெரித்தது. இரு அவைகளிலும் ஜனநாயகக் கட்சிக்குப் பெரும்பான்மை. புஷ் உட்கார்ந்து பேசினார், இறங்கி வந்தார். வருமான வரியின் உச்ச விகிதம் 28 சதவீதத்திலிருந்து 31 ஆனது. பதிலுக்குச் செலவுக்கும் கடிவாளம் போட்டார்கள். அடுத்த பத்தாண்டில் அமெரிக்க பட்ஜெட் உபரிக்கு வந்ததில் இந்த ஒப்பந்தத்துக்கும் பங்கு உண்டு என்று பொருளாதாரம் தெரிந்தவர்கள் பலர் சொல்வார்கள். நாட்டுக்கு நல்லது செய்தார். அவருக்கு என்ன கிடைத்தது? நியூட் கிங்ரிச் தலைமையில் சொந்தக் கட்சி எம்.பி.க்களே எதிர்த்து நின்றார்கள். 1991இல் வளைகுடாப் போர் முடிந்தபோது 89 சதவீத ஆதரவோடு இருந்தவர், அடுத்த ஆண்டு பிப்ரவரியில் நியூ ஹாம்ப்ஷயர் உட்கட்சித் தேர்தலில் பேட் புக்கானனிடம் 37 சதவீத வாக்குகளை இழந்தார். நவம்பரில் கிளிண்டனிடம் தோற்றபோது நாடு முழுவதும் சேர்த்து அவருக்கே கிடைத்ததும் ஏறக்குறைய அதே 37தான்.

நீங்கள் சொல்லும் நடுநிலை வாக்காளர்கள் அப்போதும் இருந்தார்கள். புஷ்ஷின் பொறுப்புணர்வை அவர்கள் மெச்சியிருக்க வேண்டும். மெச்சவில்லை. மொத்த வாக்காளர்களில் 19 சதவீதம் பேர் சுயேச்சையாக நின்ற ராஸ் பெரோவிடம் போனார்கள். பற்றாக்குறையைப் பற்றி ஊரெல்லாம் வரைபடம் காட்டிப் பேசியவர் அவர். அதைக் குறைக்கத் தன் பெயரையே பணயம் வைத்தவரை விட்டுவிட்டு அவருக்குப் போட்டார்கள்! நடுவில் இருக்கும் வாக்காளர் நீதிபதி மாதிரி இரு தரப்பையும் கேட்டு, “இவர் நியாயமாக நடந்துகொண்டார்” என்று மதிப்பெண் போடுவார் என்பது நம் ஆசை. அவரில் பலர் அரசியலை அவ்வளவு கவனிப்பதே இல்லை. ஒப்பந்தத்தின் ஷரத்து அவருக்குத் தெரியாது. ‘வரி கிடையாது என்று சொன்னார், போட்டார்’ என்பது தெரியும்.

சரி, கிளிண்டனுக்கு வருவோம். அவர் கதையில் பாதியைத்தான் நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள்.

அதிபரின் பதவிக்காலத்துக்கு நடுவில் வரும் நாடாளுமன்றத் தேர்தலை இடைக்காலத் தேர்தல் என்பார்கள். 1994இல் வந்த அந்தத் தேர்தலில் அவருடைய கட்சி பிரதிநிதிகள் சபையில் 54 இடங்களை இழந்தது. நாற்பது ஆண்டுக்குப் பிறகு அந்தச் சபை குடியரசுக் கட்சியின் கைக்குப் போனது. கிளிண்டன் டிக் மாரிஸ் என்ற ஆலோசகரை அழைத்து வைத்துக்கொண்டார். இரண்டு கட்சிக்கும் நடுவில், கொஞ்சம் மேலே போய் நில்லுங்கள் என்பது மாரிஸின் யோசனை. 1995 ஜூனில் கிளிண்டன் டிவியில் தோன்றி, பத்து ஆண்டில் பற்றாக்குறை இல்லாத பட்ஜெட் கொண்டுவருவேன் என்றார். அது எதிர்க்கட்சியின் கோஷம். சொந்தக் கட்சிக்காரர்கள் கொதித்தார்கள். இதுவரை நீங்கள் சொல்வது சரி.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். குடியரசுக் கட்சியின் திட்டத்தில், முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேரின் செலவு வளர்ச்சியில் ஏழு ஆண்டில் 270 பில்லியன் டாலரைக் குறைப்பதாக இருந்தது. வரிச்சலுகையோ 245 பில்லியன். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ‘பாட்டியின் மருந்துச் செலவை எடுத்துப் பணக்காரருக்குக் கொடுக்கிறார்கள்’ என்ற அர்த்தம் வரும்படி ஜனநாயகக் கட்சி மாதக்கணக்கில் பேசியது. பட்ஜெட் சமநிலை வேண்டும் என்று கிளிண்டன் ஏற்கனவே ஒப்புக்கொண்டுவிட்டதால், அவரைப் பொறுப்பற்றவர் என்று எதிர்த்தரப்பால் சொல்ல முடியவில்லை. மெடிகேர், ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடான மெடிகெய்ட், கல்வி, சுற்றுச்சூழல் இந்த நான்கிலும் கை வைக்க விடமாட்டேன் என்று நின்றுகொண்டார். பட்ஜெட் நிறைவேறாததால் அரசாங்கமே இரண்டு தடவை முடங்கியது: நவம்பரில் சில நாட்கள், பிறகு டிசம்பர் 16இலிருந்து ஜனவரி 6 வரை. அவர் அசையவில்லை.

இதற்கு நடுவில், சபாநாயகராகியிருந்த கிங்ரிச் செய்த காரியத்தை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும். இஸ்ரேல் பிரதமர் ராபினின் இறுதிச் சடங்குக்கு அதிபரின் விமானத்தில் போய்த் திரும்பியபோது, அதிபர் தன்னிடம் பட்ஜெட் பற்றிப் பேசவில்லை, பின்வாசல் வழியாக இறக்கிவிட்டார்கள் என்று பத்திரிகையாளர்களிடம் குறைப்பட்டுக்கொண்டார். தன் கட்சி கடுமையான மசோதாவை அனுப்பியதற்கு அதுவும் ஒரு காரணம் என்றார். மறுநாள் நியூயார்க் டெய்லி நியூஸ் முதல் பக்கத்தில் அவரைத் தொட்டில் குழந்தையாக வரைந்து ‘அழுமூஞ்சிப் பாப்பா’ என்று போட்டது. முடக்கத்துக்கு யார் காரணம் என்ற விவாதம் பெரும்பாலும் அங்கேயே முடிந்தது. எதிராளி இப்படி உதவுவது எல்லா அதிபருக்கும் வாய்ப்பதில்லை.

1996 ஆகஸ்டில், கட்சி மாநாட்டுக்குச் சில நாள் முன்பு, ஏழைகளுக்கான உதவித்தொகையைக் கடுமையாக்கும் சட்டத்தில் கிளிண்டன் கையெழுத்துப் போட்டது உண்மைதான். அவர் நியமித்த உயர் அதிகாரிகளில் சிலர் அதை எதிர்த்து ராஜினாமா செய்தார்கள். (எனக்கும் அந்தக் கையெழுத்து பிடிக்காது.) ஆனால் அதற்கு முன் வந்த இரண்டு வடிவங்களை வீட்டோ செய்துவிட்டுத்தான் மூன்றாவதை ஏற்றார். அதோடு, இருக்கும் முறையை மாற்றுவேன் என்பது 1992இல் அவரே கொடுத்த வாக்குறுதி. புஷ் விட்டது தன் சொந்த வாக்கை. கிளிண்டன் பறித்தது எதிராளியின் கோஷத்தை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் சமரசம்தான். ஆனால் 1996இல் கிளிண்டனை எதிர்த்து அவர் கட்சியில் சொல்லிக்கொள்ளும்படி ஒருவரும் நிற்கவில்லை. நவம்பரில் அவருக்கு 379 எலக்டோரல் வாக்குகள் (மாநிலவாரியாகக் கிடைக்கும், அதிபரைத் தீர்மானிக்கும் வாக்குகள்), குடியரசுக் கட்சி வேட்பாளர் பாப் டோலுக்கு 159.

சொந்த வீட்டில் சண்டை வந்த அதிபர்களின் கதியைப் பாருங்கள். 1976இல் ஃபோர்டை ரீகன் எதிர்த்தார், 1980இல் கார்ட்டரை டெட் கென்னடி எதிர்த்தார், 1992இல் புஷ்ஷைப் புக்கானன் எதிர்த்தார். மூவரும் தோற்றார்கள். உட்கட்சிப் போட்டிதான் தோற்கடித்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அது காய்ச்சல் மாதிரி, நோய் வேறெங்காவது இருக்கலாம். ஆனாலும் விட்டுக்கொடுக்கும் அதிபர் முதலில் கணக்குப் பார்க்க வேண்டியது நடுவில் இருப்பவரை அல்ல, தனக்காக வீடு வீடாகக் கதவு தட்டப் போகிறவரை.

ஒபாமா இந்தப் பாடத்தை அடிபட்டுக் கற்றார். 2010 இடைக்காலத் தேர்தலில் பிரதிநிதிகள் சபையில் 63 இடங்கள் போயின. ஒபாமாவை ஒரே தடவையோடு வீட்டுக்கு அனுப்புவதுதான் தங்கள் முதல் குறிக்கோள் என்று செனட்டில் குடியரசுக் கட்சித் தலைவராக இருந்த மிட்ச் மெக்கானல் அதற்கு முன்பே வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். சமரசம் வெற்றி பெற்றால் பெயர் அதிபருக்குப் போகும். அதை எதிராளி ஏன் விற்பார்? ஆனாலும் 2011 கோடையில், அரசு வாங்கக்கூடிய கடனின் உச்சவரம்பை உயர்த்தும் பிரச்சினையில், சபாநாயகர் ஜான் பேனரோடு ஒரு பெரிய உடன்பாட்டுக்கு ஒபாமா வாரக்கணக்கில் ரகசியமாகப் பேசினார். தன் ஆட்களுக்குப் பிடிக்காத செலவுக் குறைப்புகளைக்கூட மேஜையில் வைத்தார். ஜூலை 22ஆம் தேதி பேனர் எழுந்து போய்விட்டார். போன் பண்ணினால் திரும்பக் கூப்பிடவில்லை என்று அதிபரே டிவியில் சொல்லும் நிலை! கடைசியில் செலவைக் குறைக்கும் சட்டம் மட்டும் வந்தது, புதிய வரி வரவில்லை. மூன்றே நாளில் ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் என்ற தர நிர்ணய நிறுவனம் அமெரிக்காவின் கடன் தரத்தைக் குறைத்தது. ஒபாமாவின் ஆதரவு கேலப் கணிப்பில் 38 சதவீதத்துக்கு இறங்கியது. அந்த ஆகஸ்டில் தேர்தல் வைத்திருந்தால் ஆள் காலி.

செப்டம்பரிலிருந்து வேறு ஒபாமாவைப் பார்த்தார்கள். 447 பில்லியன் டாலர் வேலைவாய்ப்புத் திட்டத்தை நாடாளுமன்றத்தில் வைத்துவிட்டு, ‘நிறைவேற்றுங்கள்’ என்று ஊர் ஊராகப் போனார். டிசம்பரில், தொழிலாளர் சம்பளத்தில் பிடிக்கும் வரியின் சலுகை முடிய இருந்தது. பேனரின் ஆட்கள் இரண்டு மாத நீட்டிப்பை மறுத்தார்கள். இந்தத் தடவை ஒபாமா இறங்கவில்லை. ‘ஒவ்வொரு சம்பளத்திலும் 40 டாலர் குறைந்தால் உங்களுக்கு என்ன ஆகும்?’ என்று வெள்ளை மாளிகை மக்களையே கேட்டது; பதில்கள் குவிந்தன. கிறிஸ்துமஸுக்கு முன் பேனர் வழிவிட்டார். நூற்றுக்கணக்கான பில்லியன்களைப் பற்றி மாதக்கணக்கில் பேசியதில் கிடைக்காதது, ஒரு நாற்பது டாலரில் கிடைத்தது. 2012 நவம்பரில் எலக்டோரல் வாக்குகள் 332க்கு 206, ஜெயித்தது ஒபாமா.

வேலையின்மை அப்போது 8 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது, ஆனால் இறங்கிக்கொண்டிருந்தது. ரீகனும் 1982இல் வரியை உயர்த்தினார், 1983இல் ஓய்வூதியத் திட்டத்தைக் காப்பாற்ற எதிர்க்கட்சியோடு கைகுலுக்கினார், 1984இல் 49 மாநிலங்களை வாரினார். புக்கானன் யாரும் முளைக்கவில்லை. 1982 கடைசியில் 10.8 சதவீதமாக இருந்த வேலையின்மை தேர்தல் நேரத்தில் 7.2 ஆகியிருந்தது, அவ்வளவுதான் விஷயம். அப்பா புஷ்ஷுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. மந்தநிலை 1991 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது என்று அதற்கென இருக்கும் நிபுணர் குழு அறிவித்தபோது 1992 டிசம்பர். அவர் தோற்று ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. பைடன் 2021இல் சாலை, பாலங்களுக்கான சட்டத்தைக் குடியரசுக் கட்சி செனட்டர்கள் 19 பேரின் வாக்கோடு நிறைவேற்றினார். பாலம் கட்டப் பல ஆண்டு ஆகும். 9.1 சதவீதத்தைத் தொட்ட பணவீக்கம் அடுத்த வாரமே மளிகை பில்லில் தெரிந்துவிடும்.

சமரசத்தின் பக்கமே போகாமல் சண்டை போட்டு ஜெயித்தவர் யார் என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். எல்லோரும் ட்ரூமனைச் சொல்வார்கள். 1948இல் ரயிலில் ஊர் ஊராகப் போய், குடியரசுக் கட்சியின் கையில் இருந்த நாடாளுமன்றத்தை ‘ஒன்றும் செய்யாத நாடாளுமன்றம்’ என்று திட்டித் தீர்த்தார். அயோவா மாநிலத்தின் டெக்ஸ்டரில் உழவர் கூட்டம் ஒன்றில், இவர்கள் விவசாயியின் முதுகில் கவைக்கோலைக் குத்திவிட்டார்கள் என்றார். சும்மா சொல்லவில்லை: அரசு புதிதாகத் தானியக் கிடங்குகள் வாங்க அந்த நாடாளுமன்றம் தடை போட்டிருந்தது, விளைச்சலை வைக்க இடமில்லை, மக்காச்சோள விலை விழுந்துகொண்டிருந்தது. நான்கு ஆண்டுக்கு முன் ரூஸ்வெல்ட்டைக் கைவிட்ட அயோவா ட்ரூமனுக்குப் போட்டது.

ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில் ஐரோப்பாவுக்குப் பல பில்லியன் டாலர் கொடுக்கும் மார்ஷல் திட்டத்தை நிறைவேற்றித் தந்ததும் அந்த ‘ஒன்றும் செய்யாத’ நாடாளுமன்றம்தான். அதற்காக ட்ரூமன் குடியரசுக் கட்சி செனட்டர் வாண்டன்பெர்க்கோடு உட்கார்ந்து பேசி, அவர் கேட்ட திருத்தங்களைக் கொடுத்து, பெயரிலும் பங்கு கொடுத்தார். ஐரோப்பா விஷயத்தில் விட்டுக்கொடுத்துவிட்டு, மக்காச்சோள விஷயத்தில் கழுத்தைப் பிடித்தார். எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சி வேட்பாளர் டூயி ஜெயித்துவிட்டதாகவே சிகாகோ ட்ரிப்யூன் தலைப்புப் போட்டுவிட்டது. எண்ணி முடித்தபோது ட்ரூமனுக்கு 303, டூயிக்கு 189.