விக்டோரியா கால நாவல் சோறு போடுமா?

மதிப்பிற்குரிய ஐயா,

பி.ஏ. ஆங்கிலம் முடிக்கும் மகள், விக்டோரியா ராணி ஆண்ட 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் இலக்கியத்தில்தான் ஆராய்ச்சி செய்வேன் என்று நிற்கிறாள், வெள்ளைக்காரர்களின் பழங்கதை சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெற்ற மனம் கேட்கத்தான் செய்யும்.

ஒரு மாலை, 'ஜேன் அயர்' நாவலில் பணம் எங்கிருந்து வருகிறது என்று அவளிடமே கேளுங்கள். 1847-இல் வெளிவந்தது. இங்கிலாந்தின் ஒரு மூலையில் நடக்கும் காதல் கதை போலத்தான் தெரியும். ஆனால் நாயகி ஜேன் காதலிக்கும் ரோச்செஸ்டருக்கு முதல் மனைவி பெர்த்தாவோடு வந்த சீதனம் 30,000 பவுண்டு. அவள் தகப்பன் மேற்கிந்தியத் தீவுகளின் தோட்ட முதலாளி. அந்தத் தோட்டங்களில் வியர்வை சிந்தியவர்கள் அடிமைகள். ஜேனுக்குக் கிடைக்கும் 20,000 பவுண்டோ மதீராத் தீவில் வணிகம் செய்த உறவினர் விட்டுச்சென்றது. அவளை மணக்கக் கேட்கும் பாதிரியார் இந்தியாவுக்குக் கப்பலேறப் போகிறவர். அவருக்காக அவள் இந்துஸ்தானி படிக்கிறாள். 1868-இல் வந்த 'மூன்ஸ்டோன்' நாவல் இன்னும் நமக்குக் கிட்டத்தில் தொடங்குகிறது: 1799-இல் திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணம் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தபோது கொள்ளைபோன வைரம்தான் கதையே.

இந்தக் கண்ணோடு படிக்கும் பெண்ணுக்கு ஆராய்ச்சிப் பொருள் பஞ்சமாகாது. நாவலில் வரும் பணத்தின் தடத்தைத் தேட உதவும் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துக் கோப்புகள் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. லண்டன் மாணவர் விமானம் ஏறி வர வேண்டும்; செங்கல்பட்டில் இருக்கும் உங்கள் மகளுக்கு மின்சார ரயில் போதும். இதை நான் பெரிய வாய்ப்பாகவே பார்க்கிறேன்.

இனி வயிற்றுப்பாடு. கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் தகுதி தருவது நெட் என்னும் தேசியத் தேர்வு. அதற்கு எம்.ஏ.வில் 55 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. எம்.ஏ. முதல் ஆண்டிலேயே அதற்குத் தயாராகட்டும்: இரண்டு தாள், 150 கேள்வி, 300 மதிப்பெண், தவறான விடைக்குக் கழிவு இல்லை. அதில் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் ஆராய்ச்சியின் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. கல்லூரியில் நிரந்தரப் பணி கிடைக்கக் காலம் பிடிக்கும். அதை மறைக்க மாட்டேன். ஆகவே பி.எட். முடித்து மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் பணிக்கான வழியையும் திறந்து வைத்திருக்கட்டும். ஆங்கில ஆய்விதழ்களைத் திருத்தித் தரும் நிறுவனங்களும் சென்னையில் நிறைய உண்டு. வரிக்கு வரி நிறுத்திப் படித்துப் பழகியவர்களுக்கு அந்த வேலை நன்றாகப் பொருந்தும்.

அடுத்த வாரம் இருவரும் வாருங்கள். எந்த நாவலில், எந்த நாட்டுப் பணத்தைத் தேடப்போகிறாள் என்று ஒரு பக்கம் எழுதி எடுத்து வரச் சொல்லுங்கள்.