குல்மார்க்கில் பனி எப்போது, எவ்வளவு? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஜனவரி கடைசியில் குடும்பத்தோடு காஷ்மீரில் உள்ள குல்மார்க் போகிறோம். போனில் ஒரு ஆப் ‘மழை, 1 டிகிரி’ என்கிறது. இன்னொன்று ‘பனி 30 செ.மீ.’ என்கிறது. எதை நம்புவது?
– வாசகர், கோவை

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம். அந்த எண் எந்த உயரத்துக்குச் சொல்லப்பட்டது என்பதை முதலில் பாருங்கள். குல்மார்க் ஊர் சுமார் 2,650 மீட்டரில் இருக்கிறது. கோண்டோலா எனும் கம்பிவட ஊர்தியின் முதல் கட்டம் முடியும் கொங்தூரி ஏறக்குறைய 3,100 மீட்டர். இரண்டாம் கட்டம் உங்களை அபர்வத் மலைமேல் சுமார் 3,950 மீட்டரில் இறக்கிவிடும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். ஆகவே ஊரில் 1 டிகிரி என்றால் உச்சி நிலையத்தில் மைனஸ் 7-ஐ ஒட்டி இருக்கும். கீழே சொதசொதவென்று ஈரம், மேலே நல்ல உலர் பனி!

பொதுவான ஆப்கள் பல கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு நிலப்பரப்புக்குச் சராசரி உயரத்தை வைத்துக் கணக்குப் போடுகின்றன. மலையில் அது போதாது. அடிவாரம், நடு, உச்சி என மூன்று உயரங்களுக்குத் தனித்தனியே கணிப்புத் தரும் தளத்தைப் பாருங்கள். அதில் ‘உறைநிலை உயரம்’ என்ற வரிதான் முக்கியம். காற்று பூஜ்ஜியம் டிகிரியைத் தொடும் உயரம் அது. விழும் பனி உருகச் சற்று நேரம் பிடிப்பதால், அந்த உயரத்துக்கு 200, 300 மீட்டர் கீழே வரைகூடப் பனியாகவே வந்து சேரும். உறைநிலை 2,900 மீட்டர் என்றால் ஊரில் ஈரப்பனி விழ வாய்ப்புண்டு. 3,300 என்றால் ஊரில் மழை. கொங்தூரியிலேயே பனி ஈரமாகத்தான் இருக்கும்.

இந்தக் கணக்கு பொய்க்கும் நேரமும் ஒன்று உண்டு. மேகமும் காற்றும் இல்லாத இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்கிவிடும். விடியற்காலையில் ஊர்தான் அதிகம் குளிரும்.

கேள்வி: ‘20 மி.மீ.’ என்று போட்டிருக்கிறார்களே, அவ்வளவுதான் பனியா?
– வாசகி, சேலம்

பதில்: இல்லை, அது பனியை உருக்கினால் கிடைக்கும் தண்ணீரின் அளவு. பொதுவாகப் பத்தால் பெருக்க வேண்டும்: 20 மி.மீ. என்றால் சுமார் 20 செ.மீ. பனி. நல்ல குளிரில், மைனஸ் 10-ஐ ஒட்டி, பனி பஞ்சு பஞ்சாக விழுவதால் 15 மடங்குகூட வரும். பூஜ்ஜியத்தை ஒட்டி விழுந்தால் 5 மடங்கைத் தாண்டுவதே சிரமம். விழுந்த பனி தன் எடையிலேயே அமுங்குவதால், மறுநாள் அளந்தால் குறைவாகத்தான் இருக்கும். அங்கே போனதும் ஒரு பிடி அள்ளி அழுத்திப் பாருங்கள். கொழுக்கட்டை மாவு போலப் பிடிபட்டு நின்றால் ஈரப்பனி, உதிர்ந்துபோனால் உலர் பனி. ஈரப்பனியில் ஸ்கீ (காலில் மாட்டும் பனிச்சறுக்குக் கட்டை) திரும்ப மறுக்கும், முழங்காலுக்குத்தான் வேலை.

கேள்வி: எந்தத் தேதிக்கு டிக்கெட் போடலாம்? டிசம்பர் 21-லிருந்து 40 நாள் ‘சில்லாய் கலான்’, கடுங்குளிர் என்கிறார்களே?
– வாசகர், மதுரை

பதில்: குளிர் வேறு, பனிப்பொழிவு வேறு. காஷ்மீருக்குப் பனியைக் கொண்டுவருபவை மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் ‘மேற்கத்திய இடையூறுகள்’ எனும் மழை, பனி மேகக் கூட்டங்கள். அவை வராவிட்டால் எவ்வளவு குளிர்ந்தாலும் புல்தான் தெரியும். 2024 ஜனவரியில் குல்மார்க் மொட்டையாகக் கிடந்தது; மாதக் கடைசியில்தான் பனி வந்தது. 2025 பிப்ரவரியில் பனி போதாமல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளின் குல்மார்க் பகுதியைத் தள்ளிவைத்து, மார்ச் 9-ல்தான் தொடங்கினார்கள். இருந்தாலும் நம் கருத்தில், ஜனவரி கடைசி வாரத்திலிருந்து பிப்ரவரி முடிய உள்ள நாட்களே பாதுகாப்பான தேர்வு.

பத்து நாள் முன்பு பார்க்கும் கணிப்பில் ‘ஒரு இடையூறு வருகிறதா’ என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், சென்டிமீட்டரை நம்பாதீர்கள். நாலைந்து நாள் இருக்கும்போது அளவு ஓரளவு தெளிவாகும். கடைசி இரண்டு நாளில் ஸ்ரீநகர் வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையைப் படியுங்கள். சமவெளிக்கும் உயரமான பகுதிகளுக்கும் அதில் தனித்தனியாகச் சொல்வார்கள். பனி கொட்டும் நாளில் ஸ்ரீநகர் விமானங்கள் ரத்தாகலாம். கீழேயுள்ள தங்மார்க் ஊரிலிருந்து குல்மார்க்குக்கு மேலே போகும் 13 கி.மீ. சாலையில் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டிய வண்டியோ நான்கு சக்கர இயக்க வண்டியோதான் ஏறும். பயணத்தில் இரண்டு நாள் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பனிச்சறுக்கை முதல் முறை கற்பவர்களுக்குப் புதுப்பனி அவசியமே இல்லை. ஊர் மைதானத்தின் சாய்வில் அமுங்கிய பனி படிந்திருந்தால் போதும். பனி பெய்துகொண்டிருக்கும்போது மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியாது; கற்க அதைவிட மோசமான நாள் இல்லை.

கேள்வி: இரவெல்லாம் பனி. காலையில் வானம் பளிச்சென்று இருக்கிறது. ஆனாலும் இரண்டாம் கட்ட கோண்டோலாவைத் திறக்கவில்லை. ஏன்?
– வாசகர், சென்னை

பதில்: இரண்டு காரணங்கள். ஒன்று, மேலே காற்று. ஊரில் இலை அசையாத நாளிலும் உச்சியில் பலமாக வீசும். இன்னொன்று பனிச்சரிவு. மணிக்கு 25, 30 கி.மீ. காற்றே உலர் பனியை வாரிக்கொண்டுபோய், மலையின் காற்று படாத பக்கத்தில் பலகையாகப் படியவைத்துவிடும். பெய்தது 30 செ.மீ. என்றாலும் அங்கே ஒரு மீட்டர் சேர்ந்திருக்கலாம். அடியில் பழைய பலவீனமான அடுக்கு இருந்தால், ஒரு ஆள் ஏறிய எடைக்கே அந்தப் பலகை மொத்தமாகப் பெயர்ந்து வரும். 30 முதல் 45 டிகிரி வரை சரிந்த இடங்களில்தான் இது அதிகம். பெய்து முடிந்த முதல் 24, 48 மணி நேரம் மிக ஆபத்தானது. ரோந்துக் குழு சரிவைச் சோதித்துப் பாதுகாப்பாக்கிய பிறகே திறப்பார்கள்.

2023 பிப்ரவரி 1-ல் போலந்து நாட்டவர் இருவரும், 2024 பிப்ரவரி 22-ல் ரஷ்யர் ஒருவரும் அபர்வத் சரிவுகளில் இப்படித்தான் இறந்தார்கள். கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே, உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போகவே கூடாது. குழுவில் ஒவ்வொருவரிடமும் பீக்கன் (புதைந்தவர் இருக்குமிடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி), துழாவும் கம்பி, மண்வாரி மூன்றும் இருக்க வேண்டும், பயன்படுத்தவும் தெரிந்திருக்க வேண்டும். புதைந்தவரை முதல் 10, 15 நிமிடத்துக்குள் எடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். வெளியிலிருந்து மீட்புப் படை அதற்குள் வர முடியாது. குல்மார்க் பாரமுல்லா மாவட்டத்தைச் சேர்ந்தது; பனிச்சரிவு எச்சரிக்கையில் அந்தப் பெயரையும் அதோடு சொல்லும் உயரத்தையும் தேடுங்கள்.

கேள்வி: நாலு நாளாக நல்ல வெயில். காலையில் சரிவு கண்ணாடியாக வழுக்குகிறது, மதியம் சேறாகிறது. எப்போது போவது?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: பகலில் உருகியது இரவில் உறைவதால் வரும் மாற்றம் இது. வெயில் படும் சரிவில் மேல்பரப்பு இரண்டு விரல் அளவு இளகும் நேரத்தைப் பிடியுங்கள்; பெரும்பாலும் முற்பகல். வடக்கு பார்த்த, நிழலான சரிவில் பல நாள் கழித்தும் உலர் பனி கிடைக்கும். இரவு மேகமூட்டமாக இருந்தால் பனி சரியாக உறையாது, அன்று சீக்கிரமே கெட்டுவிடும். ஸ்கீயைக் கழற்றி நின்றால் பூட்ஸ் கணுக்காலுக்கு மேல் புதைகிறதா? செங்குத்தான சரிவை விட்டு அப்போதே இறங்கிவிடுங்கள்.