வாசகர் கேட்டவை: நாகா நகரத்து லெனி

கேள்வி: சிங்கப்பூரில் வீட்டு வேலை செய்யும் என் தங்கை ஞாயிற்றுக்கிழமைகளில் பிலிப்பைன்ஸ் பெண் ஒருத்தியோடு கடைவீதிக்குப் போவாள். அந்தப் பெண் ஓர் இளஞ்சிவப்புப் பனியனை மடித்துப் பத்திரமாக வைத்திருக்கிறாளாம். ‘லெனிக்கு ஓட்டுப் போட்ட வருடம் வாங்கியது’ என்று சொல்லும்போது கண் கலங்கிவிட்டாளாம். யார் இந்த லெனி?
— ஒரு வாசகி, புதுக்கோட்டை

பதில்: சகோதரி, அந்தப் பனியனுக்குரிய கதையைச் சொல்கிறேன்.

லெனி ரொப்ரேடோ பிலிப்பைன்ஸின் துணை அதிபராக இருந்தவர்; 2022இல் அதிபர் தேர்தலிலும் நின்றவர். 1965இல் அந்நாட்டின் பிக்கோல் பகுதியில் உள்ள நாகா நகரில் பிறந்தார். பொருளாதாரம் படித்து முடித்து ஊர் திரும்பி, ஆற்றுப்படுகை வளர்ச்சித் திட்டம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே மேலதிகாரியாக இருந்த ஜெஸ்ஸி ரொப்ரேடோவை மணந்தார். ஜெஸ்ஸி 1988இல் நாகாவின் மேயரானவர். இடைவெளி விட்டு மொத்தம் 19 ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தவர். ரப்பர் செருப்போடு தெருவில் இறங்கி, வெள்ளம் விட்டுப்போன சேற்றைத் தாமே அள்ளிய மனிதர். 2000இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. எம்.எஸ். சுப்புலட்சுமி 1974இல் பெற்ற அதே விருதுதான்.

மேயரின் மனைவி என்றால் விழா மேடையும் பூமாலையும் நம் நினைவுக்கு வரும். லெனியோ வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படித்தார். 1997இல் வழக்கறிஞரானார். சாலிகன் என்ற சட்ட உதவி அமைப்பில் சேர்ந்து, விவசாயிகளுக்கும் மீனவர்களுக்கும் அவர்களுடைய உரிமை எது, அதைக் கேட்பது எப்படி என்று கிராமம் கிராமமாகச் சொல்லிக்கொடுத்தார். நீதிபதி பதவிக்கும் விண்ணப்பித்திருந்தார்.

2012 ஆகஸ்ட் 18 அன்று, உள்துறை அமைச்சராக இருந்த ஜெஸ்ஸி வீடு திரும்பிய சிறு விமானம் மஸ்பாத்தே தீவையொட்டிக் கடலில் விழுந்தது. மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்தது. மூன்று மகள்கள், கடைசிப் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. நீதிபதி ஆகும் எண்ணத்தை லெனி கைவிட்டார். கட்சியும் ஊரும் வற்புறுத்த, மறு ஆண்டே தேர்தலில் நின்று, மாகாணத்தில் பல்லாண்டு வேரூன்றிய ஓர் அரசியல் குடும்பத்தைத் தோற்கடித்து நாடாளுமன்றம் சென்றார். உறுப்பினரான பிறகும், எல்லோரும் போகும் பஸ்ஸில்தான் தலைநகரிலிருந்து இரவு முழுக்கப் பயணம் செய்து நாகாவுக்குப் போவார். பஸ்ஸுக்காகச் சாலையோரத்தில் அவர் தனியே காத்து நிற்கும் படம் நாடெங்கும் பரவியது. எனக்கு மிகப் பிடித்த படமும் அதுதான்.

அவர் பேச்சில் ‘லைலாயன்’ என்ற சொல் அடிக்கடி வரும். உடுப்பின் கீழ் ஓரம் என்று பொருள். சமூகத்தின் ஓரத்தில் இருப்பவர்களை அப்படிச் சொல்வார். நாம் ‘விளிம்புநிலை மக்கள்’ என்கிறோமே, அதே சொல்தான் என்று அறிந்தபோது எனக்குச் சிலிர்த்தது. வீட்டை விட்டு வந்து வேறு நாட்டில் உழைக்கும் பெண்ணுக்கு அந்தச் சொல் தன்னை நோக்கி வந்ததாகத்தானே இருக்கும்?

கேள்வி: சர்வாதிகாரி மார்கோஸின் மகனை இவர் ஒருமுறை தோற்கடித்தாராமே?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: ஆமாம், 2016இல். அங்கே அதிபருக்கும் துணை அதிபருக்கும் மக்கள் தனித்தனியே ஓட்டுப் போடுகிறார்கள். துணை அதிபர் போட்டியில் பொங்பொங் மார்கோஸை 2,63,473 ஓட்டுகளில் வென்றார். மார்கோஸ் வழக்குப் போட்டார். அது 2021 பிப்ரவரி வரை இழுத்தது. நீதிபதிகள் ஒருமனதாகத் தள்ளுபடி செய்தார்கள். 2022 அதிபர் தேர்தலில் கதை மாறிவிட்டது. மார்கோஸுக்கு மூன்று கோடிக்கு மேல், லெனிக்கு ஒன்றரைக் கோடி. அவருடைய பிரசார நிறமான இளஞ்சிவப்பை ஊர் ஊராக அணிந்து, வீடு வீடாகக் கதவைத் தட்டிய இளைஞர்கள் அன்று அழுததை என்னால் மறக்க முடியவில்லை.

கேள்வி: துணை அதிபராக இருந்தவர் இப்போது ஒரு நகரத்து மேயராம். இது இறங்குமுகம் இல்லையா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். துணை அதிபர் பதவியில் அவருக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள். அதிபர் டுடெர்டே முதலில் வீட்டுவசதித் துறையைக் கொடுத்தார். போதைப்பொருள் ஒழிப்பின் பெயரால் நடந்த கொலைகளை லெனி எதிர்த்தார். பழைய மார்கோஸை மாவீரர் கல்லறையில் புதைத்ததையும் எதிர்த்தார். 2016 டிசம்பரில், இனி அமைச்சரவைக் கூட்டத்துக்கு வர வேண்டாம் என்று அவருக்குக் கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. நாட்டின் துணை அதிபருக்கு! அவர் துறையை விட்டு விலகினார். 2019இல் போதைப்பொருள் தடுப்புக் குழுவின் இணைத் தலைவராக்கி, 18 நாளில் நீக்கினார்கள். சொற்ப நிதியை வைத்துக்கொண்டே, கொரோனா காலத்தில் மருத்துவப் பணியாளர்களுக்கு இலவசப் பஸ் விட்டார்; பாதுகாப்பு உடைகள் சேகரித்துக் கொடுத்தார்.

மேயரின் கை அப்படிக் கட்டப்பட்டதில்லை. 1991இல் வந்த உள்ளாட்சிச் சட்டம் ஆரம்ப சுகாதாரம், சமூக நலம், விவசாய உதவி ஆகியவற்றை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது. நாகாவில் இன்னும் ஒரு படி மேலே போய், 1995இல் ஜெஸ்ஸி காலத்திலேயே மக்கள் அமைப்புகளுக்கு நகராட்சிக் குழுக்களில் இடம் கொடுத்துச் சட்டம் செய்தார்கள். திருநங்கையர், மீன் விற்பவர், மூன்று சக்கர வண்டி ஓட்டுபவர் என்று யாராக இருந்தாலும், சங்கமாகச் சேர்ந்து வந்து திட்டத்தைப் பற்றிப் பேசலாம். குறுஞ்செய்தி அனுப்பி யாரும் மேயர் லெனியைக் கூட்டத்திலிருந்து நிறுத்த முடியாது.

பதவிக்காலம் முடிந்த மறுநாளே, 2022 ஜூலை 1 அன்று, ‘அங்காட் புகாய்’ என்ற தொண்டு அமைப்பைத் தொடங்கினார். 2024 அக்டோபரில் மேயர் தேர்தலுக்கு மனுச் செய்த சில வாரங்களில் பெரும்புயல் வந்து நாகாவை வெள்ளத்தில் மூழ்கடித்தது. அவரும் தொண்டர்களும் நிவாரண வேலையில் இறங்கினார்கள். 2025 மேயில் பெரும் வித்தியாசத்தில் வென்று, நாகாவின் முதல் பெண் மேயரானார். பொறுப்பேற்றதும் அவர் பிறப்பித்த முதல் ஆணை, நகராட்சியில் எந்த வகை ஊழலையும் பொறுக்க மாட்டோம் என்பது.