ஓர் ஈற்றில் எத்தனை குட்டி?

கேள்வி: பிஎம்பி, ஜிடிஎஃப் என்று மரபணுப் பெயர்கள் சொல்கிறார்களே, செம்மறி ஆடு ஈனுவதற்கும் இவற்றுக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: இரண்டும் டிஜிஎஃப்-பீட்டா என்ற பெரிய மரபணுக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பிஎம்பி15, ஜிடிஎஃப்9 புரதங்களைச் சினைமுட்டையே சுரந்து, சுற்றியுள்ள செல்களுக்குத் தாக்கீது அனுப்புகிறது. அதை வாங்கும் ஏற்பிகளில் ஒன்று பிஎம்பிஆர்1பி. அதில் ஒரு மாற்றம் நேர்ந்தால், முட்டை வளரும் முட்டைப்பைகள் சிறிதாக இருக்கும்போதே முதிர்ந்து, ஒன்றுக்குப் பதில் பல முட்டைகள் வெளிவருகின்றன.

கேள்வி: இந்த மாற்றமுள்ள 'பூரூலா' ஆஸ்திரேலிய ஆடுதானே?

பதில்: பெயர் மட்டும்தான் அங்கே. நியூ சவுத் வேல்ஸில் கூமாவுக்கு அருகிலிருந்த ஒரு பண்ணையின் பெயர் அது. மரபணு போனது 1790களில் கல்கத்தாவிலிருந்து கப்பலேறிய வங்காள ஆடுகளோடு என்பதே ஆய்வாளர் முடிவு. சுந்தரவனத்தில் முழங்கால் நீரில் நின்று புல் மேயும் குட்டையான கரோல் செம்மறியிடம் அது இன்றும் இருக்கிறது. 2001இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் அந்த மாற்றத்தைத் தனித்தனியே தேடி ஒரே இடத்தில் வந்து நின்றன: பிஎம்பிஆர்1பி புரதத்தின் 249ஆம் இடத்தில் குளுட்டமின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஆர்ஜினின். டிஎன்ஏவில் ஓர் எழுத்து மாறியதன் விளைவு!

கேள்வி: அப்படிப்பட்ட கிடா வாங்கிவிட்டால் என் மந்தை இரட்டை ஈனுமா?

பதில்: உடனே ஈனாது. முட்டை விடுவது பெட்டை. கிடா மரபணுவைச் சுமக்கிறது, அவ்வளவே. பலன் அதன் மகள்களிடம்தான் தெரியும். கிடாவின் தோற்றத்தை வைத்து விற்பவர் சொல்வதை நம்பாதீர்கள், டிஎன்ஏ சோதனைச் சான்று கேளுங்கள். மகாராஷ்டிரத்தின் பல்டனில் தக்காணி ஆடுகளில் இந்த மரபணுவைப் புகுத்தியிருக்கிறார்கள். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என வரும் இரண்டு பிரதிகளில் மாறிய பிரதி ஒன்று இருந்தாலே ஈற்றுக்குச் சுமார் ஒரு குட்டி கூடும். ஆனால் செம்மறிக்குக் காம்பு இரண்டுதான். மூன்றாவது குட்டி முட்டிமோதித் தோற்று, வயிறு ஒட்டி ஓரமாக நிற்கும். புட்டிப்பால் கொடுக்க ஆளும், தாய்க்குக் கூடுதல் தீவனமும் இல்லாதவர் ஒற்றைக்குட்டியோடு நிற்பதே லாபம்.

கேள்வி: இரண்டு பிரதி இருந்தால் மலடாமே?

பதில்: பூரூலாவில் அப்படியில்லை. நியூசிலாந்தின் இன்வர்டேல் ஆடுகளில்தான் அந்த வம்பு. அங்கே மாறியிருப்பது எக்ஸ் குரோமோசோமில் உள்ள பிஎம்பி15. ஒரு பிரதி மாறினால் இரட்டை; இரண்டும் மாறினால் முட்டைப்பைகள் வளராமலே நின்று, சூலகம் வெறும் கீற்றாகிவிடும். அந்தக் கிடாவை அதன் மகள்களோடு சேர்த்தால் பிறக்கும் பெட்டைகளில் பாதி மலடாகலாம்.

கேள்வி: மாட்டில், காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடாரி சினைபிடிக்குமா?

பதில்: பத்தில் ஒன்பதுக்கு மேல் பிடிக்காது. அது மரபணுக் குறையன்று; கருவிலேயே இரண்டின் ரத்தமும் கலந்துவிடுவதால் வரும் வினை.