11 ஆண்டுப் பணியை ஒரு கையெழுத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்

கேள்வி: தென் மாவட்டம் ஒன்றில், மாநகராட்சி மேல்நிலைப் பள்ளியில் 11 ஆண்டுகளாகத் தூய்மைப் பணி செய்கிறேன். தலைமையாசிரியர்தான் வேலைக்கு வரச் சொன்னார். பணி ஆணை எதுவும் தரவில்லை. முதல் மூன்று ஆண்டுகள் பெற்றோர் ஆசிரியர் கழகத்திலிருந்து கையில் பணம் கொடுத்தார்கள். அதன் பிறகு மாநகராட்சியிலிருந்து வங்கிக் கணக்கில் வருகிறது. இப்போது மாதம் 10,400 ரூபாய். அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து பள்ளிகளின் தூய்மைப் பணி தனியார் நிறுவனத்துக்குப் போகிறதாம். அதன் மேற்பார்வையாளர் மூன்று தாள்களில் கையெழுத்துக் கேட்கிறார். ஒன்று, புதிதாக வேலைக்குச் சேரும் விண்ணப்பம். இரண்டாவது, முந்தைய வேலை குறித்து எந்த உரிமையும் கோர மாட்டேன் என்ற உறுதிமொழி. மூன்றாவது, தேதி போடாத ராஜினாமா கடிதம். சம்பளம் அதே 10,400தான், பிடித்தம் போகக் கையில் 7,384 வரும் என்கிறார். கழிவுநீர்த் தொட்டி அடைத்துக்கொண்டாலும் நாங்களே பார்த்துக்கொள்ள வேண்டுமாம். கையெழுத்துப் போடாவிட்டால் வேறு ஆள் வருவார் என்கிறார். 480 நாள் வேலை செய்திருந்தாலே நிரந்தரம் என்று பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் சொல்கிறார். நான் என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இரண்டாவது தாளிலும் மூன்றாவது தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். தேதியில்லாத ராஜினாமா கடிதம் அடுத்தவர் கையில் இருக்கும்வரை உங்கள் வேலை அவர் சட்டைப்பையில் இருக்கிறது. என்றைக்கு வேண்டுமானாலும் தேதி போட்டுக்கொள்வார். நீங்களாக விலகினீர்கள் என்று ஆகிவிடும்.

வயிற்றுப்பாட்டுக்காக முதல் தாளில் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டிய நிலை வந்தால், பெயருக்கு மேலே உங்கள் கையாலேயே இப்படி எழுதுங்கள்: ‘மாநகராட்சியில் எனக்குள்ள 11 ஆண்டுப் பணி உரிமைகளுக்குப் பாதகமின்றி, ஆட்சேபணையுடன் கையொப்பமிடுகிறேன்.’ எழுத விடாவிட்டால் அன்றைக்கே இதே வாசகத்தை மாநகராட்சி ஆணையருக்கும் நிறுவனத்துக்கும் ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். உங்களோடு வேலை பார்க்கும் யாராவது இதற்குள் மூன்றிலும் போட்டுவிட்டிருந்தால் இடிந்துபோக வேண்டாம். வேலை போய்விடும் என்ற பயத்தில் வாங்கிய கையெழுத்தைக் கொண்டு சட்டம் தந்த உரிமையைப் பறிக்க முடியாது. வலுவுள்ளவன் வலுவற்றவன்மீது திணிக்கும் நியாயமற்ற ஒப்பந்த விதி செல்லாது என்று 1986-இலேயே, மத்திய உள்நாட்டு நீர்ப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும், போட்ட கையெழுத்தை உடைக்க வருடக்கணக்காகும். போடாமலிருக்க ஒரு நிமிடம் போதும்.

இனி, நீங்கள் கேட்க விரும்பாத ஒன்றைச் சொல்கிறேன். தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததே செல்லாது என்று வழக்குப் போட்டு ஜெயிப்பது கடினம். மாநகராட்சி 2022-ஆம் ஆண்டு அரசாணை 152-ஐக் காட்டும். மாநகராட்சிப் பணியிடங்களை மறுசீரமைத்து, பல வேலைகளை வெளிமுகமை மூலம், அதாவது வெளி நிறுவனங்களின் ஆட்களைக் கொண்டு, பார்க்கச் சொல்லும் ஆணை அது. வேலையை யார் மூலம் செய்வது என்பது நிர்வாகத்தின் கொள்கை முடிவு என்று நீதிமன்றங்கள் பொதுவாக ஒதுங்கிக்கொள்ளும். சென்னையில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து 2025 ஆகஸ்டில் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் இரவு பகலாக உட்கார்ந்ததை நாடே பார்த்தது. அந்தப் போராட்டத்தின் நியாயம் வேறு. வழக்கு மன்றத்தில் நிற்கும் வாதம் வேறு.

நிற்கும் வாதம் இதுதான்: இந்த 11 ஆண்டுகளும் உங்களுக்கு முதலாளி யார்? மாநகராட்சிதான் என்று நிலைநாட்டிவிட்டால், அதற்குப் பிறகு அவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல முடியும். உங்களை வேலையிலிருந்து நிறுத்தவில்லை என்றால், நிறுவனத்தில் நீங்கள் புது ஆள் அல்ல. பழைய பணிக்காலமும் கூடவே வர வேண்டும். நிறுத்திவிட்டோம் என்றால் அது ஆட்குறைப்பு. ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம், அதற்கு மேல் பணிக்கொடை (கிராஜுவிட்டி) எல்லாம் தர வேண்டும். உங்கள் சம்பளத்துக்குப் பணிக்கொடை 66,000 ரூபாய் வருகிறது: 10,400-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆலும் 11-ஆலும் பெருக்குங்கள். ஆட்குறைப்பு இழப்பீடு சுமார் 57,200. முன்னறிவிப்புச் சம்பளம் 10,400. ஆக 1,33,600 ரூபாய். அந்த இரண்டாவது தாள் எதற்கென்று இப்போது புரிந்திருக்கும்.

பணத்தைவிட முக்கியமானது ஒன்று உண்டு. முன்னறிவிப்பும் இழப்பீடும் கொடுக்காமல் செய்த ஆட்குறைப்பே சட்டப்படி செல்லாது. முன்பெல்லாம் அப்படி நிறுத்தப்பட்டவரை மறுபடி வேலையில் சேர்க்கச் சொல்வதுதான் வழக்கம். தினக்கூலிக்காரர்களுக்கு மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து அனுப்பிவிடும் தீர்ப்புகள் பிறகு பெருகின. அந்தக் காற்று கொஞ்சம் திரும்பியிருக்கிறது. 2024 டிசம்பர் 20-ஆம் தேதி ஜக்கோ வழக்கில், மத்திய நீர் ஆணையத்தின் ஃபரிதாபாத் அலுவலகத்தில் பல்லாண்டு துப்புரவு செய்த பெண்களை நிறுத்தியது தவறு என்று சொல்லி, அவர்களைப் பணிவரன்முறை செய்ய, அதாவது நிரந்தரப் பணியாளராக்க, உத்தரவிட்டது உச்ச நீதிமன்றம். தற்காலிகப் பணியாளர்களை வெளியேற்றிவிட்டு அதே வேலையை ஒப்பந்த நிறுவனத்திடம் கொடுக்கும் போக்கையும் அந்தத் தீர்ப்பு கண்டித்தது.

உங்கள் வழக்கறிஞர் கையில் நான் முதலில் கொடுக்க விரும்புவது இன்னொரு தீர்ப்பு: 2025 ஜனவரியில் வந்த ஸ்ரீபால் வழக்கு. காஜியாபாத் மாநகராட்சியில் 1990-களின் இறுதியிலிருந்து தோட்ட வேலை பார்த்தவர்கள். தொழில் தகராறு நிலுவையில் இருக்கும்போதே 2005-இல் அவர்களை நிறுத்திவிட்டார்கள். ஒப்பந்ததாரர் மூலம் வந்தவர்கள் என்று மாநகராட்சி வாதாடியது. அதை நிரூபிக்கும் ஆவணத்தைத்தான் காட்ட முடியவில்லை. மீண்டும் வேலை, வேலையில்லாமல் இருந்த காலத்துக்குப் பாதிச் சம்பளம், பணிவரன்முறைக்கான பரிசீலனை என்று முடிந்தது. தகராறை முன்கூட்டியே எழுப்பியிருந்ததால் கிடைத்த பலன் அது.

நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டும், ஒன்றாம் தேதிக்கு முன்பாகவே. மாவட்டத் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு கொடுங்கள். சமரசம் நடந்துகொண்டிருக்கும்போது, தகராறில் உள்ள பணி நிலைமைகளைத் தொழிலாளிக்குப் பாதகமாக மாற்றக் கூடாது. பள்ளித் துப்புரவுப் பணியாளருக்குத் தொழில் தகராறு பற்றிய இந்தச் சட்டம் பொருந்துமா என்று எதிர்த்தரப்பு கேட்கும். கல்வி நிலையமும் தொழில்தான் என்று 1978-இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. ஆசிரியர் தொழிலாளி அல்ல, நீங்கள் தொழிலாளி.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டதால் மனுவில் பிரிவு எண்கள் மாறும். அது எழுதுபவர் கவலை. நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது காலக்கெடு: வேலைநீக்கத்தை எதிர்க்கப் பழைய சட்டத்தில் மூன்று ஆண்டு இருந்தது, இப்போது இரண்டுதான். அதே தொகுப்புகளில் ஒன்று, ஒரு நிறுவனத்தின் முக்கியப் பணியில் ஒப்பந்தத் தொழிலாளரை வைக்கக் கூடாது என்கிறது. ஆனால் துப்புரவு வேலையை அதிலிருந்து விலக்கியிருக்கிறது, அந்த நிறுவனமே துப்புரவுக்காக அமைக்கப்பட்டதாக இல்லாதவரை. பள்ளி துப்புரவுக்காக அமைக்கப்பட்டதல்ல. மாநகராட்சிக்கோ ஊரைச் சுத்தமாக வைப்பதே தலையாய கடமை. உங்களை நியமித்தது பள்ளியா, மாநகராட்சியா என்ற கேள்வி இங்கேயும் வந்து நிற்கிறது. சுவையான வாதம்தான், ஆனால் புதிய சட்டத்தில் இன்னும் யாரும் நடந்து பார்க்காத பாதை. நான் இதைத் துணை வாதமாகத்தான் வைப்பேன்.

ஆகவே சாட்சியத்துக்கு வருவோம். பணி ஆணை இல்லை என்று வருந்துகிறீர்கள். உங்களைப் போன்றவர்கள் யாரிடமும் அது இருப்பதில்லை. நியமித்தது யார், சம்பளம் கொடுத்தது யார், விடுப்புக் கொடுத்தது யார், தண்டிக்கும் அதிகாரம் யாரிடம், தினமும் வேலை ஏவியது யார் என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். இதற்கெல்லாம் விடை உங்கள் பள்ளியிலேயே இருக்கிறது. பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் துடைப்பமும் வாங்கிக்கொண்டதற்கு இருப்புப் பதிவேட்டில் நீங்கள் போட்ட கையெழுத்து, தேர்வு நாள்களில் காலை சீக்கிரம் வரச் சொல்லித் தலைமையாசிரியர் எழுதிய சீட்டு, வருகைப் பதிவேடு, வாசல் சாவி உங்களிடம் ஒப்படைக்கப்பட்டதற்கான குறிப்பு, தேர்தலுக்குப் பள்ளி வாக்குச்சாவடியானபோது உங்களுக்குப் போட்ட வேலை. ஒரு பினாயில் கணக்கு பத்து சாட்சிகளுக்குச் சமம் என்பேன். நிறுவனம் வந்த பிறகு இந்தப் பதிவேடுகள் பழைய காகிதக்காரரிடம் போய்விடும். எனவே இன்றே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனுப் போடுங்கள். 11 ஆண்டுகளின் வருகைப் பதிவேடு, இருப்புப் பதிவேடு, உங்களுக்கான சம்பளப் பட்டியல், நிறுவனத்துடன் போட்ட ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வங்கிக் கணக்கு அறிக்கையை வங்கியிலேயே முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் வழக்கில் ஓட்டை எங்கே என்றால், அந்த முதல் மூன்று ஆண்டுகள்தான். அப்போது பணம் கொடுத்தது பெற்றோர் ஆசிரியர் கழகம், மாநகராட்சி அல்ல என்பார்கள். கழகப் பணத்தைக் கொடுத்தாலும் ஏவியது தலைமையாசிரியர்தான் என்பது நம் பதில். அதை ஏற்காவிட்டாலும் எட்டு ஆண்டு கையில் நிற்கும். பணிக்கொடைக்கு ஐந்தே போதும்.

பக்கத்துத் தெருக்காரர் சொன்ன 480 நாள் கணக்கு பொய்யல்ல. 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்கச் சொல்லும் தமிழ்நாட்டுச் சட்டம் 1981-இல் வந்தது. ஆனால் அது தொழிற்சாலை, தோட்டம், மோட்டார் போக்குவரத்து, கடை, உணவகம் போன்றவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பள்ளி அந்தப் பட்டியலில் இல்லை. அதை மட்டும் நம்பி வழக்குப் போடாதீர்கள்.

இனி அந்த 7,384 ரூபாய். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 10,400-இல் தொழிலாளி பங்காக வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதம், அதாவது 1,248, ஈஎஸ்ஐக்கு 0.75 சதவீதம், 78. பிடிக்க வேண்டியது இவ்வளவுதான்; கையில் 9,074 வர வேண்டும். மேற்பார்வையாளரின் கணக்கில் இன்னும் 1,690 ரூபாய் காணவில்லை. நிறுவனம் தன் பாக்கெட்டிலிருந்து கட்ட வேண்டிய வைப்பு நிதிக்கான 13 சதவீதமும் ஈஎஸ்ஐக்கான 3.25 சதவீதமும் சேர்ந்தால் சரியாக அதே 1,690. உங்கள் பங்கையும் தங்கள் பங்கையும் உங்கள் தலையிலேயே கட்டப் பார்க்கிறார்கள். முதலாளியின் பங்கைத் தொழிலாளி சம்பளத்தில் பிடிப்பது சட்டவிரோதம். சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கி, வைப்பு நிதி அலுவலகத்துக்கும் ஈஎஸ்ஐ அலுவலகத்துக்கும் எழுதுங்கள். நிறுவனம் சம்பளத்தையே கொடுக்காமல் கையை விரித்தால், வேலையை ஒப்பந்தத்துக்கு விட்ட முதன்மை முதலாளி என்ற முறையில் மாநகராட்சிதான் கொடுக்க வேண்டும். இதைப் பழைய சட்டமும் சொன்னது, புதியதும் சொல்கிறது. தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகும்போது உங்கள் வேலைக்கான குறைந்தபட்சக் கூலி எவ்வளவு என்றும் கேளுங்கள். 10,400 அதற்குக் கீழே இருந்தால் அது தனியாக ஒரு கோரிக்கை.

ஒன்றாம் தேதி என்ன நடந்தாலும் வழக்கமான நேரத்துக்குப் பள்ளிக்குப் போங்கள். கோபத்தில் வீட்டில் இருந்துவிட்டால், அவராகவே வேலையை விட்டுவிட்டார் என்று எழுதிவிடுவார்கள். உள்ளே விடாவிட்டால் வாசலில் சண்டை வேண்டாம். நேரம், தேதி, தடுத்தவர் யார் என்று குறித்து அன்று மாலைக்குள் ஆணையருக்கும் தொழிலாளர் அலுவலருக்கும் தபால் அனுப்பிவிடுங்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்ற கவலை வேண்டாம். பெண் என்ற ஒன்றுக்காகவே, வருமானம் எவ்வளவு இருந்தாலும், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்தாலும் வழி சொல்வார்கள். உங்கள் நிலையில் இருக்கும் மற்றப் பள்ளிப் பணியாளர்களோடு சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுத்தால் இன்னும் நல்லது. தனி ஆளை அலைக்கழிப்பது போல இருபது பேரை அலைக்கழிக்க முடியாது.

கழிவுநீர்த் தொட்டி விஷயத்தில் மட்டும் பேச்சுவார்த்தையே கூடாது, அம்மா. பாதுகாப்புக் கருவி இல்லாமல் தொட்டிக்குள் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம். முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் அந்த வேலைக்கு நீங்கள் கட்டுப்பட்டவர் அல்ல. இறங்கச் சொன்னால் மறுத்துவிட்டு, யார் சொன்னார், எப்போது சொன்னார் என்று தலைமையாசிரியருக்கு எழுதிக் கொடுங்கள். நகலில் தேதியோடு அவர் கையெழுத்தை வாங்காமல் அறையை விட்டு வெளியே வராதீர்கள்.