வாய்ட் டெக்கில் உருகாத பிறந்தநாள் கேக்

கேள்வி: மகளின் முதல் பிறந்தநாளை அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை மாலை எங்கள் அடுக்குமாடி புளோக்கின் வாய்ட் டெக்கில் (கீழ்த்தளத்தில் இருக்கும் திறந்த பொது இடம்) கொண்டாடுகிறோம். 40 பேர் வருவார்கள். இளஞ்சிவப்பு நிறத்தில் இரண்டு அடுக்கு கேக், உச்சியில் ஒரு யானைக்குட்டி என்று நானே செய்ய ஆசை. மாமியார் முட்டை சாப்பிட மாட்டார். அலுவலகத்திலிருந்து மலாய்த் தோழிகளும் வருகிறார்கள். போன வருடம் மகனுக்கு பட்டர்கிரீமில் செய்த ரோஜாக்கள் அரை மணி நேரத்தில் சரிந்துவிட்டன. என்னிடம் இருப்பது மேசைமேல் வைக்கும் சிறிய ஓவன்தான். நானே செய்யலாமா, கடையில் வாங்கிவிடட்டுமா?
பொங்கோல் வாசகி

பதில்: நீங்களே செய்யுங்கள். ரோஜா சரிந்தது உங்கள் கைப்பிசகு இல்லை. வெண்ணெய் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உருகும். அதற்கு முன்பே, 28 டிகிரி வாக்கிலேயே, பிழிந்த வடிவம் நிற்காத அளவுக்குக் குழைந்துவிடும். நம் சிங்கப்பூரில் பிற்பகலில் 31, 32 டிகிரி என்பது சாதாரணம். குளிர் நாட்டில் எடுத்த காணொளியைப் பார்த்து அதே அளவில் செய்தால், இங்கே யார் செய்தாலும் அப்படித்தான் ஆகும்.

பலரும் கேக்கை ஒரு படத்திலிருந்து தொடங்குகிறார்கள். என்னிடம் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது வேறு: கேக் எங்கே நிற்கப்போகிறது, வெட்டுவதற்கு முன் எத்தனை நிமிடம் நிற்கப்போகிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் எந்த கிரீம், எந்த மாவு, என்ன அலங்காரம் என்பதெல்லாம் ஏறக்குறைய தானாகவே முடிவாகிவிடும்.

உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. விருந்து உங்கள் புளோக்கின் கீழேயே. கேக் விருந்தின் ஆரம்பத்திலிருந்தே மேசையில் இருந்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மேசையில் பலூன், பெயர்ப்பலகை, பலகாரத் தட்டுகள் இருக்கட்டும். கேக் வீட்டில் ஏர்கான் அறையில் இருக்கட்டும். வெட்டுவதற்கு 30, 40 நிமிடம் முன்பு லிஃப்டில் கீழே கொண்டுவாருங்கள். படம் எடுக்க அவ்வளவு நேரம் போதும். மூன்று மணி நேரம் தாங்க வேண்டிய கேக்கை இப்படி நாற்பது நிமிடம் தாங்கினால் போதும் என்று ஆக்கிவிடலாம்.

அடுத்தது மேற்பூச்சு. பால் கிரீமை அடித்துப் பூசுவது வேண்டாம். 35 சதவீதக் கொழுப்புள்ள விப்பிங் கிரீம் ஃபிரிட்ஜுக்கு வெளியே நம் வெயிலில் சீக்கிரமே தளர்ந்துவிடும். பட்டர்கிரீமில் வெண்ணெயில் பாதியை எடுத்துவிட்டு ஷார்ட்டனிங் (கெட்டியான தாவரக் கொழுப்பு) சேர்த்து அடித்தால் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். ஆனால் அது நாக்கில் மெழுகு மாதிரி ஒட்டும், எனக்குப் பிடிப்பதில்லை. உங்களுக்கு நான் சொல்வது சாக்லேட் கனாஷ், அதன்மேல் மெல்லிய ஃபாண்டன்ட், அதாவது மாவு போல விரித்துப் போர்த்தும் சர்க்கரைப் பூச்சு. கனாஷ் என்பது சூடான கிரீமில் சாக்லேட்டைக் கரைத்து ஆறவிடுவதுதான். ஏர்கான் மண்டபம் என்றால் இரண்டு பங்கு டார்க் சாக்லேட்டுக்கு ஒரு பங்கு கிரீம் போதும். வாய்ட் டெக்குக்கு இரண்டரைக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ சாக்லேட், 400 கிராம் கிரீம் என்றால் இரண்டு அடுக்குக்கும் நடுவில் பூசவும் வெளியே பூசவும் சரியாக இருக்கும். 50 முதல் 55 சதவீதம் கோகோ உள்ள சாக்லேட் வாங்குங்கள். குழந்தைகளுக்காக வெள்ளை சாக்லேட்தான் வேண்டும் என்றால் இந்த விகிதம் செல்லாது. அதற்கு மூன்று பங்குக்கு ஒரு பங்குக்கும் குறைவாகவே கிரீம் விட வேண்டும், அப்போதும் டார்க் அளவுக்கு உறுதி வராது.

கனாஷ் பூசி ஓர் இரவு விட்டால் சுவர் போல இறுகும். அதன்மேல் ஃபாண்டன்டை 3, 4 மில்லிமீட்டர் தடிமனில் விரித்துப் போர்த்தினால் ஓரங்கள் நறுக்கென்று நிற்கும். ஃபாண்டன்ட் தேய்ப்பதைச் சமையலறையில் செய்யாதீர்கள். ஃபாண்டன்ட் முழுக்கச் சர்க்கரை. நம் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். ஏர்கான் ஓடும் அறையில், மேசையில் கார்ன் ஃபிளவர் லேசாகத் தூவித் தேயுங்கள். கையில் ஒட்டினால் தண்ணீர் தொடாமல் ஷார்ட்டனிங் துளி தடவிக்கொள்ளுங்கள். நிறத்துக்கு ஜெல் கலர்தான். தண்ணீராக இருக்கும் கலரை ஊற்றினால் ஃபாண்டன்ட் இளகிவிடும்.

இனி ஃபிரிட்ஜ். இதை நான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே கேக் கெடுவது பெரும்பாலும் வெயிலால் இல்லை, ஃபிரிட்ஜால்தான். காப்பிக்கடையில் மைலோ பெங் (ஐஸ் போட்ட மைலோ) கோப்பை வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் காற்றில் அவ்வளவு ஈரம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளானாலும் அதன்மேல் தண்ணீர் படியும். 4 டிகிரியிலிருந்து வெளியே வரும் ஃபாண்டன்ட் கேக்குக்கும் அதே கதிதான். பல வருடங்களுக்கு முன் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு கேக் செய்தேன். வெள்ளை ஃபாண்டன்ட், அதன்மேல் அடர் சிவப்பில் மாப்பிள்ளை, பெண் பெயர்கள். இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு நேராக மண்டபத்தில் கொண்டுபோய்த் திறந்தேன். பத்து நிமிடத்தில் கேக் முழுக்க வியர்த்து, பெயர்களிலிருந்து சிவப்பு வழிந்தது. பெண்ணின் அம்மா என்னை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

அதனால் ஃபாண்டன்ட் போர்த்திய பிறகு கேக்கை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். கெட்டியான கனாஷும் சாதாரண கேக்கும் ஏர்கான் அறையில், 24, 25 டிகிரியில், ஓரிரண்டு இரவு நன்றாகவே இருக்கும். உள்ளே பழமோ, கஸ்டர்டோ, ஃபிரெஷ் கிரீமோ வைத்தால் மட்டும் இது பொருந்தாது. அவற்றை வைக்க வேண்டாம். எப்படியும் ஃபிரிட்ஜில்தான் வைத்தாக வேண்டும் என்ற நிலை வந்தால், மூடிய அட்டைப்பெட்டிக்குள் வைத்து, அதே பெட்டியோடு வெளியே எடுத்து, இரண்டு மணி நேரமாவது திறக்காமல் விட்டுவிடுங்கள். தண்ணீர் பெட்டியின்மேல் படியும், கேக் தப்பிக்கும்.

முட்டையில்லாத கேக் பற்றி உங்களுக்கு இருக்கும் கவலை தேவையில்லாதது. கெட்டித் தயிர் 250 கிராம், சர்க்கரை 150 கிராம் இரண்டையும் அடித்து, அதில் பேக்கிங் பவுடர் ஒன்றேகால் டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன் போட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். நுரைத்துப் பொங்கி வரும். பிறகு வாசனையில்லாத எண்ணெய் 120 மில்லி, கடைசியில் சலித்த மைதா 190 கிராம். மைதா விழுந்த பிறகு அதிகம் கலக்கக் கூடாது, ரப்பர் மாதிரி ஆகிவிடும். இது 8 அங்குல வட்டத் தட்டில் ஒரு படலத்துக்கு வரும், ஏறக்குறைய ஒன்றேகால் அங்குல உயரம். அதே கலவையை 6 அங்குலத் தட்டுகள் இரண்டில் பாதிப் பாதியாகப் பிரிக்கலாம். கீழ் அடுக்கு 8 அங்குலம், மேல் அடுக்கு 6 அங்குலம், ஒவ்வொன்றிலும் இரண்டு படலம். அதனால் கீழ் அடுக்குக்கு இரண்டு தடவை, மேல் அடுக்குக்கு ஒரு தடவை, மொத்தம் மூன்று தடவை கலக்க வேண்டும். ஒரேயடியாகக் கலந்து வைத்துவிட்டுச் சிறிய ஓவனில் ஒவ்வொன்றாகச் சுடாதீர்கள். காத்திருக்கும் கலவையில் பொங்கின காற்று போய்விடும்.

எண்ணெய் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. வெண்ணெய் கேக் குளிர்ந்தால் இறுகிவிடும், எண்ணெய் கேக் இரண்டு நாள் கழித்தும் மெத்தென்று இருக்கும். வெனிலாவுக்குப் பதில் பாண்டான் இலையை அரைத்துப் பிழிந்த சாறு இரண்டு மேசைக்கரண்டி விட்டால் நன்றாக இருக்கும். அந்த அளவுக்கு எண்ணெயைக் குறைக்காதீர்கள், தயிரைக் குறையுங்கள்.

உங்கள் ஓவனில் மேல்கம்பி கேக்குக்கு மிக அருகில் இருக்கும். கீழ்த்தட்டில் வைத்து 170 டிகிரியில் சுடுங்கள். இருபது நிமிடம் ஆனதும், மேலே நிறம் ஏறியிருந்தால், அலுமினியத் தாளால் தளர மூடிவிடுங்கள். 35 நிமிடம் வாக்கில் குச்சி குத்திப் பாருங்கள். பத்துப் பதினைந்து சிங்கப்பூர் வெள்ளிக்கு ஓவன் வெப்பமானி கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். சிறிய ஓவன்களின் திருகில் 170 என்று இருப்பதும் உள்ளே இருக்கும் சூடும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை.

மாமியாரும் மலாய்த் தோழிகளும் ஒரே கேக்கை மனநிறைவோடு சாப்பிட வேண்டும் என்றால் முட்டையை விட்டால் மட்டும் போதாது. ஃபாண்டன்டின் பொருள்பட்டியலைப் படியுங்கள். சிலவற்றில் ஜெலட்டின் இருக்கும். அது மாட்டிலிருந்தும் வரலாம், பன்றியிலிருந்தும் வரலாம். உங்கள் மேசையில் இரண்டு பக்கமும் சங்கடம். ஜெலட்டின் இல்லாத, முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) ஹலால் முத்திரை உள்ள ஃபாண்டன்ட்கள் கிடைக்கின்றன; பூன் ஹுவாட் மாதிரி பேக்கிங் கடைகளில் டப்பாவைத் திருப்பிப் பார்த்து எடுங்கள். சாக்லேட்டிலும் அதே முத்திரையைப் பாருங்கள். இளஞ்சிவப்பு வேண்டும் என்கிறீர்கள், அதனால் கலரிலும் ஒரு கண் இருக்கட்டும்: இ120 என்று போட்டிருந்தால் அது பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன், சைவம் இல்லை. வெனிலா சேர்ப்பதானால், எக்ஸ்ட்ராக்ட் என்று வரும் சாறு ஆல்கஹாலில் ஊறவைத்து எடுப்பது. ஆல்கஹால் இல்லாத எசன்ஸ் வாங்குங்கள். இதையெல்லாம் சரிபார்த்துவிட்டுத் தோழிகளிடமும் மாமியாரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேட்கத் தயங்கி ஓரமாக நிற்கும் விருந்தாளியைப் பார்ப்பது எனக்கு எப்போதும் வருத்தம் தரும்.

யானைக்குட்டியை ஒரு வாரம் முன்பே செய்து வையுங்கள். வெறும் ஃபாண்டன்டில் செய்தால் இந்த ஈரத்தில் தும்பிக்கை தொங்கிவிடும். 250 கிராம் ஃபாண்டன்டுக்கு ஒரு டீஸ்பூன் டைலோஸ் பவுடர் (ஃபாண்டன்டை இறுகச் செய்யும் தூள்) பிசைந்து, உறையில் சுற்றி ஓர் இரவு விட்டுப் பிறகு உருட்டுங்கள். தலையும் உடம்பும் சேரும் இடத்தில் பல்குத்தும் குச்சி வேண்டாம், உலர்ந்த ஸ்பகெட்டித் துண்டு செருகுங்கள். விழாவின் நாயகிக்கு ஒரு வயது. கையில் கிடைத்தது வாய்க்குத்தான் போகும். அதே காரணத்தால் சர்க்கரை முத்துகளையும் விட்டுவிடுங்கள். செய்த யானையைச் சமையலறையில் திறந்து வைத்தால் ஒரு வாரமானாலும் காயாது. சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். புகைப்படப் பிரியர் யாராவது வீட்டில் இருந்து காமிரா உலர்பெட்டி வைத்திருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது.

தேக்கா சந்தையில் பூ வாங்கும்போது கேக்குக்கும் நான்கு பூ வைக்கலாமே என்று தோன்றும். பூக்கடைப் பூக்கள் சாப்பாட்டுக்காக வளர்த்தவை அல்ல, மருந்து அடித்திருப்பார்கள். அரளி முழுக்க நஞ்சு, கேக் பக்கமே வரக் கூடாது. பூவை மேசையில் தூவுங்கள், கேக்கில் வேண்டாம். மினுமினுப்புத் தூளிலும் 'நஞ்சற்றது' என்று மட்டும் எழுதியிருந்தால் அது உண்பதற்கானது என்று பொருள் இல்லை. உண்ணத்தக்கது என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

அந்த வாரத்தை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். புதன் இரவு கேக் சுட்டு, ஆறியதும் சுற்றி ஃபிரிட்ஜில். வியாழன் கனாஷ் பூசி ஏர்கான் அறையில். வெள்ளி இரவு ஃபாண்டன்ட். சனிக்கிழமை காலை உங்கள் தலைமுடியைக் கவனிக்க நேரம் கிடைக்கும். 8 அங்குலமும் 6 அங்குலமும் சேர்ந்தால் 30 துண்டுக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். இன்னொரு தடவை கலவையைச் சதுரத் தட்டில் சுட்டு, மேலே கனாஷ் மட்டும் தடவி வீட்டிலேயே வெட்டித் தயாராக வையுங்கள். 40 பேருக்கும் தாராளமாக வரும்.

அடுக்குகளை வீட்டில் ஏற்றிவிடாதீர்கள். லிஃப்ட் வாசல் தாண்டும்போது ஒரு சின்னக் குலுக்கல் போதும். தனித்தனியாக இறக்கி மேசையில் ஏற்றுங்கள். கீழ் அடுக்கு வெறும் கேக்காக மேல் அடுக்கின் எடையைத் தாங்காது. பபிள் டீக்குத் தரும் தடித்த ஸ்ட்ராக்கள் இதற்கு அருமையான தூண்கள். ஒன்றைக் கேக்கில் செங்குத்தாகக் குத்தி, மேற்பரப்போடு சரியாக இருக்கும் இடத்தில் குறித்து வெளியே எடுத்து, ஐந்தையும் அதே உயரத்தில் வெட்டுங்கள். ஒன்று உயரம் கூடினாலும் மேல் அடுக்கு சாயும். நடுவில் ஒன்று, சுற்றி நான்கு, எல்லாம் மேல் அடுக்கின் அடியில் இருக்கும் 6 அங்குல கேக் அட்டையின் வட்டத்துக்குள் வரும்படி இறக்குங்கள். மேல் அடுக்கு தன் அட்டையோடேயே அதன்மேல் உட்காரும். அட்டைக்கு அடியில் ஒரு கரண்டி கனாஷ் தடவினால் நகராது.

படம் எடுத்து, மெழுகுவத்தி ஊதி, பாப்பா கையைப் பிடித்து ஒரு வெட்டு வெட்டியதும் யானையை எடுத்து டப்பாவில் போட்டுவிடுங்கள். பிறகு மேல் அடுக்கை அட்டையோடு தூக்கித் தனியே வைத்து வெட்டலாம். விருந்தில் கேக் வெட்டித் தருவது பெரும்பாலும் ஒரு சித்தியோ அத்தையோதான். உள்ளே ஸ்ட்ரா இருப்பது அவருக்குத் தெரியாது. முன்பே சொல்லிவையுங்கள். ஐந்தும் வெளியே வந்தனவா என்று நீங்களே எண்ணிப் பார்த்த பிறகு கீழ் அடுக்கில் கத்தி வைக்கச் சொல்லுங்கள்.