புதிய செவிலியரும் துணை நிற்கும் சக ஊழியர்களும்: கேள்வி பதில்

மருத்துவமனை வார்டுகளில் 26 ஆண்டுகளாகச் செவிலியராகப் பணியாற்றி வருகிறேன். கடந்த 14 ஆண்டுகளாக, படிப்பை முடித்துப் புதிதாக வருபவர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. நல்ல சக ஊழியர்கள் வாய்த்த புதியவர்கள் தங்கள் அனுபவங்களையும், அவற்றையொட்டி எழுந்த ஐயங்களையும் எழுதியனுப்பியிருந்தார்கள். அவற்றுக்கான பதில்கள் இவை.

கேள்வி: பணியில் சேர்ந்து மூன்று வாரங்கள் ஆகின்றன, அக்கா. எங்கள் வார்டில் எதைக் கேட்டாலும் முகம் சுளிக்காமல் சொல்லித் தருகிறார்கள். ஆனால் ஒரு ஷிப்டில் இருபது முறை கேட்கும்போது, நான்கு ஆண்டுகள் படித்ததெல்லாம் எங்கே போயிற்று என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது.

பதில்: படித்தது எங்கும் போய்விடவில்லை. நாடித்துடிப்பு 110 என்றால் அது அதிகம் என்பது உங்களுக்கும் தெரியும், உங்கள் மூத்த செவிலியருக்கும் தெரியும். ஆனால் காலையில் கலகலப்பாகப் பேசிய நோயாளி மதியம் ஏன் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார் என்பது அவர் கண்ணில் படும், உங்கள் கண்ணில் இன்னும் படாது. நூற்றுக்கணக்கான நோயாளிகளைக் கவனித்த பிறகே அந்தப் பார்வை வரும். செவிலியரின் திறன் வளர்ச்சியை ஐந்து படிகளாக 1980-களில் விளக்கிய பாட்ரிசியா பென்னர், ஒரே வகையான சூழலில் 2 அல்லது 3 ஆண்டுகள் பணிபுரிந்த பிறகே ஒருவர் மூன்றாம் படியை அடைகிறார் என்று எழுதினார். நீங்கள் மூன்று வாரங்களில் அங்கே நிற்க வேண்டும் என்று உங்களைத் தவிர வேறு யாரும் எதிர்பார்க்கவில்லை.

கேட்பதைக் குறைக்க வேண்டாம். கேட்கும் விதத்தை மாற்றிக்கொள்ளுங்கள். "என்ன செய்வது?" என்று மட்டும் கேட்காமல், நான் பார்த்தது இது, இதனால் இருக்கலாம் என்று நினைக்கிறேன், இதைச் செய்யப் போகிறேன், சரிதானா என்று கேளுங்கள். உங்கள் சிந்தனை எந்த இடத்தில் பிசகுகிறது என்பதை அப்போதுதான் எதிரில் இருப்பவரால் கண்டுபிடித்துத் திருத்த முடியும். சில மாதங்களில், கேள்வியின் கடைசிச் சொல்லைச் சொல்வதற்கு முன்பே விடை உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கேள்வி: நான் கேனுலா (மருந்து ஏற்ற இரத்தக்குழாயில் செருகும் மெல்லிய குழாய்) போடும்போது எங்கள் மூத்த செவிலியர் பக்கத்திலேயே நிற்கிறார், ஆனால் என் கை நடுங்கினாலும் ஊசியை வாங்கிக்கொள்வதில்லை. இதை ஆதரவு என்று எடுத்துக்கொள்ளலாமா, சிஸ்டர்?

பதில்: ஆதரவுகளிலேயே கடினமானது அதுதான். தானே செய்தால் ஒரு நிமிடத்தில் முடியும் வேலையை, இன்னொருவர் பத்து நிமிடம் செய்வதைப் பார்த்துக்கொண்டு அமைதியாக நிற்பதற்குத் தன் கையை அடக்கி வைத்திருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் அவருடைய மற்ற வேலைகளும் காத்துக் கிடக்கும். எனக்குக் கற்றுத் தந்தவரும் இப்படித்தான் நின்றார். நோயாளியின் அறைக்குள் நுழைவதற்கு முன்பே, "இரண்டு முறை முயற்சி செய், அதற்கு மேல் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுவார். நோயாளி தேவையில்லாமல் பல முறை குத்தப்பட மாட்டார் என்பதும், நோயாளியின் முன்னிலையில் என் மதிப்புக் குறையாது என்பதும் அந்த ஒரே வாக்கியத்தில் உறுதியாகிவிடும். உங்கள் மூத்த செவிலியர் அப்படி முன்கூட்டியே சொல்லவில்லையென்றால், நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லை தெரிந்த பிறகு கை நடுக்கம் பெரும்பாலும் குறைந்துவிடும்.

கேள்வி: சென்ற வாரம் இன்சுலின் அளவைத் தவறாக எடுத்துவிட்டேன். இருவர் சரிபார்ப்பின்போது உடன் இருந்த அக்கா கண்டுபிடித்துவிட்டார். நோயாளிக்கு மருந்து போகவில்லை. அவர் திட்டவே இல்லை. "நல்லவேளை, சேர்ந்து பார்த்தோம், வா, எழுதி வைப்போம்" என்றார். அவர் கோபித்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும் போலத் தோன்றுகிறது. ஏன் அறிக்கை எழுத வேண்டும்?

பதில்: உங்களைத் தேற்றுவதற்கு முன், அந்த அக்கா செய்தது எவ்வளவு சரியானது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சிறு பிழையும் பெருந்தீங்கு விளைவிக்கக்கூடிய மருந்துகளின் பட்டியலில் இன்சுலின் முன்வரிசையில் இருக்கிறது. அதனால்தான் பல மருத்துவமனைகளில் அதை இருவர் தனித்தனியாகச் சரிபார்க்கிறார்கள். இங்கே "தனித்தனியாக" என்ற சொல் முக்கியமானது. நீங்கள் "பத்து யூனிட் எடுத்திருக்கிறேன், சரியா?" என்று கேட்டு, அவர் தலையசைத்திருந்தால் அது சரிபார்ப்பு ஆகியிருக்காது. அவர் உங்கள் எண்ணைக் கேட்காமல், மருந்துச் சீட்டையும் சிரிஞ்சையும் தாமே பார்த்திருக்கிறார். அதனால்தான் பிழை அகப்பட்டது.

அறிக்கை எழுதுவது உங்களைக் குற்றவாளியாக்குவதற்காக அன்று. எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தார். நல்ல தலைமையும் நல்லுறவும் உள்ள குழுக்களில் பிழைகள் குறைவாக இருக்கும் என்று அவர் எதிர்பார்த்தார். ஆனால் அங்கேதான் அதிகம் பதிவாகியிருந்தன. அத்தகைய குழுக்களில் பிழையை மறைக்காமல் பேசும் துணிவு இருந்ததே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று அவர் விளக்கினார். அஞ்சி வாய்மூடிய வார்டில் தாளில் பிழை இருக்காது, நோயாளியின் உடலில்தான் இருக்கும்.

நீங்கள் ஏன் தவறினீர்கள் என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள். விளக்கு மங்கலாக இருந்ததா, நடுவில் யாராவது கூப்பிட்டார்களா, "யூனிட்" என்பதைக் குறிக்க எழுதிய ஓரெழுத்துச் சுருக்கம் பூச்சியம் போலத் தெரிந்ததா? கடைசியாகச் சொன்னது உலகெங்கும் பத்து யூனிட்டை நூறாக வாசிக்கச் செய்திருக்கிறது; ஆகவே முழுச் சொல்லையும் எழுத வேண்டும் என்ற விதி பல இடங்களில் வந்தது. உங்கள் அறிக்கையாலும் அப்படி ஒரு மாற்றம் நிகழலாம். மனம் ஆறாமல் இருப்பது இன்னும் சில நாள்கள் தொடர்ந்தால், அந்த அக்காவிடமே சொல்லுங்கள். தமக்கு நேர்ந்ததை அவர் உங்களுக்குச் சொல்லக்கூடும். எங்கள் தலைமுறையில் பலரிடம் அப்படியொரு இரவு இருக்கிறது, என்னிடமும் இருக்கிறது.

கேள்வி: நள்ளிரவில் மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்கப் பயப்படுவேன். என்னுடன் பணியிலிருந்த அண்ணன் அழைப்பதற்கு முன் என்னைத் தம்மிடம் ஒருமுறை சொல்லிப் பார்க்கச் செய்தார். அதன் பிறகு பேச்சு தடங்கலின்றி வந்தது. இதற்கு முறை ஏதேனும் உண்டா?

பதில்: உண்டு. நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற நான்கு பகுதி வரிசை அது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து, பின்னர் மருத்துவமனைகளுக்கு வந்த முறை. "ஏழாம் படுக்கை நோயாளிக்கு மூச்சு நிமிடத்துக்கு 26 ஆக உயர்ந்திருக்கிறது, நேற்று வயிற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர், நுரையீரல் தொற்றோ என்று அஞ்சுகிறேன், நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும்" என்று சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது. புதியவர்கள் தயங்குவது நான்காம் பகுதியில்தான். மருத்துவரிடம் "வாருங்கள்" என்று சொல்லும் தகுதி தமக்கு இருக்கிறதா என்று யோசிக்கிறார்கள். இருக்கிறது. நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே காட்ட, மூச்சு, நாடித்துடிப்பு போன்ற ஒவ்வோர் அளவுக்கும் மதிப்பெண் தரும் எச்சரிக்கை முறை ஒன்று பிரிட்டனில் 2012-இல் வெளியானது. அதில், மூச்சு 25-ஐ எட்டினாலே அந்த ஓர் அளவுக்கு மட்டும் 3 மதிப்பெண். எந்த ஓர் அளவு 3 பெற்றாலும் உடனடி மறுபரிசீலனை தேவை என்பது அதன் விதி. அந்த அண்ணன் உங்களுக்குப் பதிலாகத் தாமே தொலைபேசியை எடுத்திருந்தால், அடுத்த இரவும் நீங்கள் பயந்திருப்பீர்கள்.

கேள்வி: முதல் மூன்று மாதங்கள் நன்றாகவே போயின. ஐந்தாம் மாதத்தில்தான் இந்த வேலைக்கு நான் ஏற்றவள்தானா என்று சந்தேகம் வருகிறது. சக ஊழியர்கள் மாறவில்லை, நான்தான் மாறிவிட்டேன்.

பதில்: இது பலருக்கும் வருவது. புதிய செவிலியரின் முதல் ஆண்டை ஆராய்ந்த ஜூடி டச்சர், முதல் மூன்று நான்கு மாதங்கள் வேலைகளைச் செய்து முடிப்பதிலேயே கழிகின்றன என்றும், அதற்குப் பின்வரும் மாதங்களில்தான் கேள்விகளும் ஐயங்களும் எழுகின்றன என்றும் விளக்கினார். கைகள் பழகிய பிறகே மனத்துக்கு யோசிக்க இடம் கிடைக்கிறது. ஆனால் சரியாக அந்தக் காலத்தில்தான், "இவளுக்கு இனிப் பழகிவிட்டது" என்று கருதி மற்றவர்கள் விலகிக்கொள்கிறார்கள். அவர்கள்மீது குறை சொல்ல முடியாது. வெளியே ஒன்றும் தெரிவதில்லை. உங்களுக்கு நெருக்கமான ஒருவரிடம், ஆறாம் மாதம் வரையாவது வாரம் ஒருமுறை பத்து நிமிடம் பேச வேண்டும் என்று வெளிப்படையாகக் கேளுங்கள்.

கேள்வி: வார்டில் ஒரே ஒருவர்தான் எனக்கு உதவுகிறார். அது போதுமா?

பதில்: தொடங்குவதற்குப் போதும். ஆனால் அவர் விடுப்பில் இருக்கும் நாளில் யாரிடம் கேட்பது என்பதை அவரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் பார்த்துக்கொண்ட நோயாளி ஒருவர் இறந்துவிட்டார், எனக்கு அதுவே முதல் மரணம். பொறுப்புச் செவிலியர் மற்றவர்களிடம் என் மற்ற நோயாளிகளை ஒப்படைத்துவிட்டு, என்னுடன் சேர்ந்து உடலைத் துடைத்தார். துடைக்கும்போது "ஐயா, இப்போது கையைத் தூக்குகிறேன்" என்று அவரிடம் பேசிக்கொண்டே செய்தார். அதை மறக்க முடியவில்லை. நானும் அப்படிச் செய்யலாமா, தவறாக எண்ணுவார்களா?

பதில்: தாராளமாகச் செய்யலாம், தம்பி. உயிரோடு இருந்தபோது எந்த மரியாதையுடன் தொட்டோமோ அதே மரியாதையுடன் கடைசி முறையும் தொடுகிறோம் என்பதை உங்கள் பொறுப்புச் செவிலியர் விரிவுரை எதுவுமின்றிக் காட்டியிருக்கிறார். அவர் செய்த இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் மற்ற நோயாளிகளை வேறொருவரிடம் ஒப்படைத்ததன் மூலம் உங்களுக்கு அரை மணி நேரத்தை மீட்டுத் தந்தார். ஆள் குறைந்த ஷிப்டில் அரை மணி நேரம் என்பது எவ்வளவு பெரிய கொடை என்பதை வார்டில் நின்றவர்கள் அறிவார்கள். என் முதல் மரணத்தன்று நான் உடனே அடுத்த படுக்கைக்கு மருந்து கொடுக்கப் போனேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பல ஆண்டுகள் கழித்துத்தான் அந்த முகம் எனக்கு அழுகையாக வந்தது. கடினமாக நடத்தினால்தான் செவிலியர் உறுதி பெறுவார் என்று சொல்பவர்களை நான் ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை. உங்களுக்கு அன்று கிடைத்த அரை மணி நேரம் உங்களை இந்தப் பணியில் இன்னும் பல ஆண்டுகள் வைத்திருக்கும் என்று நம்புகிறேன்.

கேள்வி: எனக்கு ஓராண்டு முடிந்துவிட்டது. அடுத்த வாரம் புதியவர் ஒருவர் வருகிறார். எனக்குக் கிடைத்த ஆதரவை அவருக்குத் தர விரும்புகிறேன். முதல் நாளில் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அவருடைய பெயரை முன்னதாகவே தெரிந்துகொண்டு, எல்லோருக்கும் பெயர் சொல்லி அறிமுகம் செய்யுங்கள், "புதுப் பெண்" என்று யாரும் அழைக்க இடம் தராதீர்கள். அவசரகால டிராலி, ஆக்சிஜன், உதவிக்கு அழைக்கும் எண் ஆகிய மூன்றையும் முதல் மணி நேரத்திலேயே காட்டிவிடுங்கள். கழிப்பறை எங்கே என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அதைக் கேட்கக் கூச்சப்பட்டு எட்டு மணி நேரம் அடக்கிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். எவற்றைத் தாமே செய்திருக்கிறார், எவற்றைப் பார்க்க மட்டும் செய்திருக்கிறார், எவற்றைப் பார்த்ததே இல்லை என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உணவு இடைவேளைக்கு அவரையும் அழைத்துச் செல்லுங்கள். பணி ஒப்படைப்பு முடிந்ததும் அவர் ஏதாவது விட்டுவிட்டோமோ என்று கேஸ் ஷீட்டைப் புரட்டிக்கொண்டு நிற்பார். அப்போது அவருடன் சேர்ந்து ஒருமுறை பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள்.